கன்னியாகுமரியிலிருந்து நம் ஊர்வரை ஏழு நாளில் ஏழு மாரத்தான்: இன்னும் 66,500 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், படகுக்காரர்களுக்கும், சிங்கப்பூரிலும் துபாயிலும் சவுதியிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஓட்டக் கமிட்டியின் வணக்கமும் சலாமும் தோத்திரமும்.

வரும் பிப்ரவரி 8 ஞாயிறு விடிகாலை மூன்றரை மணிக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் மூவர் கன்னியாகுமரியில் ஓட்டம் தொடங்குகிறார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண் பிள்ளை. தினம் ஒரு முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். இடையில் ஓய்வு நாள் கிடையாது. ஏழு நாளுக்கு 295 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. உவரி அந்தோணியார், திருச்செந்தூர் முருகன், ஏர்வாடி தர்கா என்று மூன்று வாசலையும் கும்பிட்டு, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் வழியாக 14-ஆம் தேதி சனிக்கிழமை பாம்பன் பாலம் ஏறி வீடு வந்து சேர வேண்டும். வேன்காரர் ஜனவரி 31-க்குள் பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டார். கையில் இருப்பது காணாது. அதனால்தான் மறுபடியும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறோம்.

தை அமாவாசை அன்று ஓட்டத்தை முடித்தால் புண்ணியம் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு மண்டபத்திலிருந்தே வண்டி நகராது, அதில் எங்கே ஓடுவது? தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அதற்கும் சிவராத்திரிக்கும் நடுவில் கிடைத்த வாரம் இது. இதையும் விட்டால் வெயில் ஏறிவிடும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் 61 நாளைக்கு யாரிடமும் நன்கொடை என்று வாய் திறக்க முடியாது.

“தினமும் மாரத்தானா, நடக்கிற காரியமா?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள். 2003-ல் இங்கிலாந்துக்காரர் ரனுல்ஃப் ஃபியன்ஸ் நாடு நாடாக விமானத்தில் போய் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கும் முன்னால், 1980-ல், கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயில் ஒரு காலை இழந்த 21 வயதுப் பையன். செயற்கைக் காலோடு தினம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். ஆரம்பத்தில் அவரை அதிகம் பேர் சட்டை செய்யவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்று ஒரு துறைமுக ஊர். ஜனத்தொகை சுமார் 10,000, கொடுத்தது 10,000 டாலருக்கு மேல். அவர் அந்த ஊர்ப் பிள்ளைகூடக் கிடையாது. நம் மூவரும் நம் தெருவில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்கள்.

காலால் நடந்து ஊர் சேர்வது நம் ராமேஸ்வரம் தீவுக்குப் புதிதல்ல. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியும் பாம்பன் பாசஞ்சர் ரயிலும் கடலோடு போனபோது, தப்பியவர்கள் இடுப்பில் பிள்ளையோடு மணலிலும் தண்ணீரிலுமாக நடந்து ராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊரில் தலைக்கட்டு வரி கொடுக்கிறார்கள். 1988-ல் ரோடு பாலம் திறக்கும்வரை ரயிலை விட்டால் படகு, படகை விட்டால் ரயில். தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வந்ததே 2017-ல்தான். (தலைவர் ஐயா இன்னும் இரண்டு பத்தி எழுதச் சொன்னார். நோட்டீஸில் இடமில்லை.)

அந்த அரிச்சல்முனை ரோட்டில்தான் பயிற்சி. ராமேஸ்வரத்திலிருந்து போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் மணல் முகத்தில் அறையும். போன மாதம் அடுத்தடுத்து இரண்டு நாள் ஓடிவிட்டு வந்ததும், மீன் போடும் பெட்டியில் உடைத்த ஐஸும் தண்ணீரும் நிரப்பி மூவரையும் முழங்கால்வரை இறக்கினோம். பெண் பிள்ளையின் பெருவிரல் நகம் நாவற்பழமாகக் கறுத்துக் கிடந்தது. “வலிக்குதா பாப்பா?” என்றதற்கு, “நகம் கெடக்கட்டும் மாமா, அடுத்த ஷூவ ஒரு சைஸ் பெருசா வாங்குங்க” என்றாள். தொடர்ந்து ஓடினால் பாதம் வீங்கும், முதல் நாள் ஷூ நாலாம் நாள் கடிக்கும். அதனால்தான் ஆளுக்கு இரண்டு ஜோடி. வேர்வையில் உப்பு இறங்குவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்கக் குடிக்க ஆபத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டும். ஓடி முடித்தவுடன் சோறு வயிற்றுக்குள் போனால்தான் மறுநாளைக்குக் காலில் தெம்பு இருக்கும். வேன் பின்னாலேயே வந்தாக வேண்டியது இதற்கெல்லாம்தான். உல்லாசப் பயணம் போகிறோம் என்று பேசியவர்கள் இதையும் படிக்கட்டும்.

செலவு: வேன் வாடகை, டீசல், டிரைவர் படி 54,000. ஷூ ஆறு ஜோடி 39,000. எட்டுப் பேருக்கு ஒன்பது நாள் சாப்பாடு 38,000. பிசியோதெரபி பார்ப்பவருக்கு 18,000. தங்க 12,000, மருந்து மாத்திரை, பிளாஸ்டர் 7,500, இருட்டில் மின்னும் சட்டை, விளக்கு, மனு ஜெராக்ஸ் 4,500. ஆக மொத்தம் 1,73,000. வந்தது 1,06,500. பாக்கி 66,500.

வந்ததை யார் கொடுத்தார்கள் என்று சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. போன வருடம் பிள்ளைகளைச் சென்னைக்கு முழு மாரத்தான் அனுப்பியபோது முதல் நோட்டை எடுத்து வைத்தவர்கள் மீன் விற்கும் அக்காமார்தான். இந்த வருடமும் கூடைக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்து 5,000 கொடுத்தார்கள். பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து ஐஸுக்குக் காசு வாங்காத ஐஸ் கம்பெனி முதலாளி, தொழுகை முடிந்து துண்டு விரித்த ஜமாத்தார், பூசைக்குப் பிறகு அறிவித்த பங்குத் தந்தை, உண்டியலில் ஒரு பங்கை ஒதுக்கிய அம்மன் கோயில் கமிட்டி, ஓவர்டைம் காசை அனுப்பிய சிங்கப்பூர்த் தம்பிகள், சில்லறை உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் அந்தக் கடலம்மா குறை வைக்க மாட்டாள். இலங்கைக்காரன் பிடித்து வைத்த படகு இன்னும் திரும்பாத வீட்டிலிருந்தும் 500 ரூபாய் வந்தது. வேண்டாம் என்றோம், கேட்கவில்லை.

அந்த 500-ஐ வைத்துக்கொண்டு சிலதைச் சொல்லியாக வேண்டும். திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் லட்சத்தைப் புகையாக்கிய ஊர் நாம். பேனரில் படமும் பெயரும் பெரிதாகப் போடச் சொன்ன மூன்று பேர் இதுவரை ஒரு ரூபாய் கட்டவில்லை. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். கலாம் பிறந்த தீவு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஓடுகிற பிள்ளைக்கு ஷூ வாங்க வெளியூரில் கையேந்த விடலாமா?

வீட்டுக்கு 200 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். முடிந்தவர்கள் கூடுதலாகத் தரலாம். முடியாதவர்கள் அரிசி, முட்டை, வாழைத்தார் கொடுத்தாலும் ரசீது உண்டு. ரசீதுப் புத்தகம் பொருளாளர் வீட்டிலும் பஸ் ஸ்டாப் டீக்கடையிலும் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுங்கள். வரவு செலவு பிப்ரவரி 22 ஞாயிறு சாவடியில் வாசிக்கப்படும். மிஞ்சினால் அடுத்த வருடக் கணக்கில் ஏறும். வேன் ஓட்டத் தெரிந்த ஒருவர் கூடுதலாகத் தேவை, சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. வர விரும்புகிறவர்கள் இந்த ஞாயிற்றுக்குள் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
ஓட்டக் கமிட்டியார், ஊர்ப் பொதுமக்கள் சார்பில்