நூறு எம்பிபிஎஸ் தந்த நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் இணைய இணைப்பைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து வரும் முறைப்பாடுகள் உங்களுக்குப் புதிதல்ல. ஆகவே போன ஞாயிறு இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் அப்போது காலை. அம்மா வட்ஸ்அப்பில் தம்பிக்குக் கோல் எடுத்தார். அவன் பேசியது இங்கே மணிபோலக் கேட்டது. அம்மா பேசியதுதான் அங்கே போகவில்லை. "கேக்குதா அப்பன்?" என்று இவர் கத்த, "அம்மா, லைன்ல இருக்கிறீங்களா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். டொக்டர் பிரஷர் மருந்தை மாற்றியதைச் சொல்லத்தான் எடுத்தவர். கடைசியில் போனை என் கையில் தந்து, "நீயே எழுதி அனுப்பிவிடு" என்றுவிட்டு எழுந்து போனார்.

உங்கள் விளம்பரம் 100 எம்பிபிஎஸ் என்கிறது. தொலைபேசிக் குரலை டிஜிட்டலாக்கும் பழைய ஜி.711 முறையில்கூட ஒரு குரல் அழைப்புக்கு ஒரு திசைக்கு ஏறக்குறைய 90 கேபிபிஎஸ் போதும். வட்ஸ்அப்புக்கு அதுவும் தேவையில்லை. அதாவது நீங்கள் சொல்லும் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத்தான் கேட்கிறோம்: இரவு ஏழு முதல் பத்து வரை, எங்கள் குரல் வெளியே போகும் அப்லோட் பக்கமும் சேர்த்து, அறுபடாமல்.

முறைப்பாடு செய்தால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறீர்கள். அது கொழும்பிலேயே இருக்கும் சேர்வரைத் தொட்டுவிட்டு வந்து நல்ல எண் காட்டுகிறது. குரல் ஒரு திசையில் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை. கனடா வரையான கேபிள் தூரமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சத்தை எங்கள் தெருவிலேயே நெரிசலில் தொலைப்பதற்கு யார் பொறுப்பு? பிந்தி வந்த வீடியோவை, முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைக்கும் பஃபர் காப்பாற்றும். பிந்தி வந்த குரலை வட்ஸ்அப் தூக்கி எறிந்துவிடும். இது உங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் "றவுட்டரை ஓஃப் பண்ணிப் போடுங்கோ" என்பதற்கு மேல் ஒரு பதிலும் வருவதில்லை. பில் பிந்தினால் வரும் எஸ்எம்எஸ் மட்டும் எந்த நெரிசலிலும் சிக்காமல் வந்து சேர்கிறது. அந்த லைனையே எங்களுக்கும் தந்துவிடலாமே!

சரி, கோபத்தை விடுகிறேன். தயவுசெய்து மாலை நேர அப்லோட் வேகத்துக்கும் தாமதத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள். அதில் குறைந்தால் அந்த மாதக் கட்டணத்தில் கழியுங்கள். பதிலை எழுத்தில், தமிழில் அனுப்பினால் அம்மாவும் வாசிப்பார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர் ஒருவர்