பின் வீல் இறுகிப்போச்சுன்னா உடனே மோட்டார மாத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கும்பகோணத்துல இருந்து எழுதுறேன், காலைல 4 மணிக்கெல்லாம் உங்க பேப்பரை கட்டு பிரிச்சு வீடு வீடா போடுற ஆளு நான், முட்டி வலி வந்ததுல இருந்து பழைய பெரிய சைக்கிள்ல பின் வீலுக்கு ஹப் மோட்டார் கிட் (சக்கரத்து நடுக் குடத்துக்குள்ளயே மோட்டார் இருக்கும்) போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். 36 வோல்ட் பேட்டரி, 250 வாட் மோட்டார். போன மாசம் தாராசுரம் லைன் முடிச்சிட்டு வரும்போது திடீர்னு யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி வண்டி நின்னுருச்சு, சுவிட்ச ஆஃப் பண்ணி பேட்டரியவே கழட்டிட்டேன், அப்பவும் பின் வீல் லேசுல சுத்த மாட்டேங்குது. தள்ளவும் முடியல, கேரியர புடிச்சு பின் சக்கரத்த தூக்கிக்கிட்டே தான் வீடு வந்து சேர்ந்தேன்.

கிட் வாங்குன கடையில சும்மா தொட்டு பார்த்துட்டு காயில் எரிஞ்சிருச்சு, மோட்டார் போச்சு, புதுசு 7500 ரூபா ஆகும்னு சொல்லிட்டாங்க. பேப்பர் போட்டு வர்ற காசுல நான் எங்க போறது? அக்கா பையன் ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிக்கிறான், அவன் தான் "மாமா அவசரப்படாதீங்க, நான் பாக்குறேன்"னு உக்காந்தான். அன்னைக்கு அவன் செஞ்சத அப்படியே எழுதுறேன், என்னை மாதிரி ஓட்டுற நாலு பேருக்கு காசு மிச்சமாகட்டும்.

முதல்ல பேட்டரிய கழட்டி தூர வச்சான். பிரேக் கட்டை ரிம்ல ஒட்டிக்கிட்டு இருக்கா, செயின் நழுவி ஃப்ரீவீலுக்கும் ஸ்போக்குக்கும் நடுவுல மாட்டிக்கிச்சா, மட்கார்டு டயர்ல உரசுதான்னு பார்த்தான், அதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை, எதுவும் இல்ல. அப்புறம் வண்டிய தலைகீழா நிறுத்தி வீல மெதுவா சுத்திப் பாருங்க மாமான்னான். மெதுவா சுத்துனா தட்டி தட்டி நகருது, வேகமா சுத்துனா அவ்வளவு இறுக்கமா புடிக்குது. இதத் தான் எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும் ஐயா. பேரிங் உடைஞ்சு, இல்ல எதாவது மாட்டிக்கிட்டு இறுகுச்சுன்னா மெதுவா சுத்துனாலும் வேகமா சுத்துனாலும் இறுக்கம் ஒரே மாதிரி தான் இருக்கும், வேகமா சுத்த சுத்த கூடுதலா புடிச்சா அது கரண்டு விஷயம். பேட்டரியே இல்லாம எப்படிடா கரண்டுன்னு கேட்டேன். ஹப்புக்குள்ள சுத்தி காந்தம் இருக்கு, வீல் சுத்துனா அதுவே டைனமோ மாதிரி கரண்டு உண்டாக்கும், மோட்டார்ல இருந்து வர்ற மூணு தடிமனான ஒயர்ல ரெண்டு எங்கயாவது ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிச்சுன்னா அந்த கரண்டு உள்ளயே சுத்தி வீல ஓட விடாம எதிர்த்து தள்ளும், பள்ளிக்கூடத்துல லென்ஸ் விதின்னு படிக்கிறது இது தான்னு சொன்னான். செம்புக் குழாய்க்குள்ள காந்தத்த போட்டா மெதுவா இறங்குமே, அதே சங்கதி.

அந்த மூணு ஒயரு பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம். அத கண்ட்ரோலர் டப்பாவுல (பேட்டரி கரண்ட மோட்டாருக்கு அளந்து விடுறது) இருந்து உருவி, முனை ஒண்ணோட ஒண்ணு படாம தனித்தனியா வச்சுட்டு மறுபடி வீல சுத்தணும். ஃப்ரீயா ஓடுச்சுன்னா மோட்டார் நல்லா இருக்கு, கண்ட்ரோலருக்குள்ள சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற மாஸ்ஃபெட்ங்குற பார்ட் தான் ஷார்ட் ஆயிருக்கு, டப்பாவ மட்டும் மாத்துனா போதும், மோட்டார விட அது எவ்வளவோ விலை கம்மி. உருவுன பிறகும் இறுகுச்சுன்னா ஒயர்லயோ மோட்டாருக்குள்ளயோ ஷார்ட். எனக்கு உருவுன பிறகும் இறுகுச்சு. (கியர் வச்ச சின்ன ஹப் மோட்டாரா இருந்தா முன்னாடி உருட்டும்போது இது தெரியாது, உள்ள இருக்குற கிளட்ச் விட்டுடும், பின்பக்கமா சுத்திப் பாக்கணும்.)

அப்புறம் தான் ஆக்ஸில பார்த்தோம், பார்த்ததும் வயிறு எரிஞ்சிருச்சு. நட்டு லூசாகி ஆக்ஸிலே பாதி சுத்து சுத்தியிருக்கு, அதோட நடுவுல இருந்து வெளிய வர்ற ஒயரு கயிறு மாதிரி முறுக்கி, ஆக்ஸில் விளிம்புல அறுபட்டு மஞ்சளும் பச்சையும் செம்பு தெரிய ஒட்டிக்கிட்டு கிடக்கு. சாதா சைக்கிள்ல ஆக்ஸில திருப்புற பலம் எதுவும் கிடையாது, பாரத்த தாங்கிக்கிட்டு சும்மா நிக்கும். ஹப் மோட்டார்ல அப்படி இல்ல, மோட்டார் வீல முன்னாடி தள்ளுற அதே பலம் ஆக்ஸில பின்னாடி திருப்பும், ஆக்ஸில் முனையில ரெண்டு பக்கமும் தட்டையா சீவியிருக்குற இடமும் நட்டும் தான் அத தாங்கணும். நம்ம ஊரு பெரிய சைக்கிள்ல ஆக்ஸில் உக்கார்ற ஃபோர்க் பள்ளம் பின்பக்கமா தொறந்து இருக்கும், அதுக்கு மேல ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாத்தையும் ஒரே நட்டுல அடுக்கி முடுக்குறாங்க, அந்த தகடெல்லாம் பாரத்துல அமுங்க அமுங்க நட்டு லூசாகிடும், காலைல பேப்பர் கட்டு பாரம் வேற. ஆக்ஸில் திரும்பாம இருக்க கொக்கி வச்ச வாஷர் ஒண்ணு இருக்கு, அது ஃபோர்க்கு தகட்ட ஒட்டி முதல்ல உக்காரணும், எனக்கு அத போடவே இல்ல! கிட் மாட்டுன அன்னைக்கே நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு தெரியாது.

அறுபட்டது ஆக்ஸிலுக்கு வெளிய இருந்ததால மோட்டார் மூடிய தொறக்காமலே ஒயர வெட்டி, சால்டர் வச்சு, ஸ்லீவ் போட்டான், கூட வர்ற அஞ்சு மெல்லிய சென்சார் ஒயரையும் ஒண்ணொண்ணா சரி பார்த்தான். வெல்டிங் பட்டறையில ஆக்ஸில புடிச்சுக்குற மாதிரி ஒரு இரும்புப் பட்டை செஞ்சு ஃபோர்க்கோட சேர்த்து கட்டினோம், மழைத் தண்ணி உள்ள போகாம ஒயர கீழ்ப்பக்கமா வளைச்சு விட்டான். எல்லாம் சேர்த்து 450 ரூபா. வண்டி இன்னைக்கு வரைக்கும் ஓடுது, வாரம் ஒரு தடவ நட்ட நானே ஸ்பேனர் வச்சு பார்த்துடுறேன்.

250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்குற வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் தேவையில்லைங்குறதால என்னை மாதிரி வயசானவங்க, பால் ஊத்துறவங்க, பூ விக்கிறவங்க நிறைய பேர் இத நம்பி வாங்குறாங்க, ரிப்பேருக்கு தெரு முனை சைக்கிள் கடைய விட்டா வேற போக்கிடம் கிடையாது. அதனால கிட் விக்கிறவங்க அந்த வாஷரையும் தமிழ்ல ஒரு பக்க குறிப்பையும் கட்டாயம் கூடவே குடுக்கணும், ஒயர கழட்டி பாக்காம மோட்டார் போச்சுன்னு சொல்லக்கூடாது. உங்க பேப்பர்ல வண்டி பராமரிப்பு பத்தி வாரா வாரம் போடுறீங்களே, அதுல கார் பைக்கோட இந்த மாதிரி மோட்டார் மாட்டுன சைக்கிளுக்கும் ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி படத்தோட போட்டீங்கன்னா என் லைன்ல இருக்குற சைக்கிள் கடை ஒவ்வொண்ணுலயும் நானே அந்த பக்கத்த வெட்டி ஒட்டிட்டு வர்றேன் ஐயா.

இப்படிக்கு,
பேப்பர் போடும் வாசகர்,
கும்பகோணம்