வளைவில் இடம் மாறிய பேடில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இடது தோளில் செய்த அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கை மெல்ல மேலே எழும்புகிறது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவசரப்படாதே. இங்கே எல்லோரும் நலம். மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். கிளட்ச் இல்லாத காரைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான்.

நீ கடைசியில் எழுதிய ஒரு வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. பேடில், அதாவது ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சிறு தகடு, விரலுக்குச் சொந்தமானது, ஸ்டீயரிங் சக்கரம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாய். என் அனுபவம் வேறு.

சென்ற மாதம் ஒரு பந்தயத் தடத்தில் பயிற்சிக்குப் போனேன். இரண்டு கார்கள். இரண்டிலும் வலது பேடில் கியரை ஏற்றும், இடது பேடில் இறக்கும். ஒன்றில் பேடில்கள் சக்கரத்தோடு சுழலும். மற்றதில் ஸ்டீயரிங் தண்டின் சுழலாத உறையில் பொருத்தப்பட்டு அசையாமல் நிற்கும். அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. முதல் காரில் அந்த வளைவுக்குள் கை மாற்றிப் பிடித்துத் திருப்பினேன். வெளியேறும்போது இன்ஜின் சுழற்சி எல்லையைத் தொட்டுத் திணறியது. கியரை ஏற்ற வலது விரல்களால் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் ஏறக்குறைய அரைச்சுற்று திரும்பியிருந்ததால் வலது பேடில் இடப்பக்கம் போய்விட்டது. நான் இழுத்தது கியரை இறக்கும் பேடில்! அந்த வேகத்தில் இறக்கினால் இன்ஜின் தாங்காது என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி அதை ஏற்கவில்லை. அதனால்தான் பிழைத்தேன். இரண்டாவது காரில் அதே வளைவில் விரல் போன இடத்தில் பேடில் இருந்தது. வலது எப்போதும் வலதுதான். யோசிக்கவே தேவைப்படவில்லை.

ஃபெராரியும் லம்போர்கினியின் பல கார்களும் பேடில்களைத் தண்டில் நிறுத்துவது இதற்காகத்தான் என்று அன்று உடம்பால் புரிந்துகொண்டேன். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோவில் உள்ள நீண்ட அலுமினியப் பேடில்களும் அப்படித்தான். ஆனால் அவ்வளவு நீளமான பேடில்கள் வந்தால், பின்னால் இண்டிகேட்டர் குச்சிக்கு இடம் குறைந்துவிடுகிறது. 2009இல் வந்த ஃபெராரி 458 இத்தாலியாவில் இண்டிகேட்டர் பொத்தான்களே சக்கரத்தின் மேல் ஏறிவிட்டன. ஒரு வட்டச் சந்திப்பிலிருந்து வெளியேறுவதை நினைத்துப் பார். கியர் பேடில் நிலையாக நிற்கிறது, இண்டிகேட்டர் பொத்தான் சக்கரத்தோடு சுற்றுகிறது. இதை நான் குறையாகவே பார்க்கிறேன்.

உன் பக்கத்துக்கும் வலுவான சாட்சி இருக்கிறது, மறைக்கமாட்டேன். நிசான் ஜிடி-ஆர் முதலில் தண்டில்தான் பேடில்களை வைத்திருந்தது. 2017 மாடலில் அவற்றைச் சக்கரத்துக்கு மாற்றினார்கள். வளைவின் நடுவிலும் கையை எடுக்காமல் கியர் மாற்றலாம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். இதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். கடைசியில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஓட்டுபவரின் கை சக்கரத்தில் பிடித்த இடத்தை விட்டு நகருமா, நகராதா? ஃபார்முலா 1 காரில் நகராது. சிறிதளவு திருப்பினாலே போதும். அங்கே நீ சொல்வதே சரி. நம்மைப் போன்றவர்கள் சாலைக் காரில் குறுகிய வளைவுக்குக் கை மாற்றிப் பிடித்துத்தான் ஆக வேண்டும். அங்கே நிலையான பேடிலே எனக்கு வேண்டும்.

ஃபார்முலா 1 என்றதும் 1989 ஞாபகம் வருகிறது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640இல்தான் அங்கே பேடில் முறை முதலில் பந்தயத்துக்கு வந்தது. சோதனை ஓட்டங்களில் கார் ஓயாமல் பழுதானதால், பிரேசிலில் முதல் பந்தயத்தை முடிக்கும் என்று யாரும் நம்பவில்லை. அதன் ஓட்டுநர் நைஜல் மான்செல் முன்கூட்டியே ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். நடுவில் ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்றி வேறொன்று மாட்ட வேண்டியிருந்தது. அப்படியும் வென்றார்! அந்தப் பிடிவாதமான காரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், எஃப்355 வழியாக அந்த முறை ஃபெராரியின் சாலைக் காருக்கு வந்தது.

போர்ஷே 2008இல் தன் 911 காருக்கு இரட்டை கிளட்ச் கியர்பெட்டி தந்தபோது வேறு வழியில் போனது. சக்கரத்தின் இருபுறமும் பொத்தான்கள். எந்தப் பக்கமானாலும் முன்னால் தள்ளினால் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். பலருக்குப் பிடிக்காமல் போக, பிறகு பேடில்களையும் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திசைதான் முழுத் தவறு. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, அப்போது இறக்குவதற்குத் தள்ளுவதே இயல்பு. முடுக்கும்போது உடம்பு இருக்கையில் அழுந்துகிறது, ஏற்றுவதற்கு இழுக்க வேண்டும். நடுவில் உள்ள கியர் நெம்புகோலுக்கும் இதே நியாயம்தான். 2013இன் 911 ஜிடி3இல் நெம்புகோலின் திசையைப் போர்ஷே திருப்பி வைத்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

உன் தோளை நினைத்ததும் இன்னொன்று தோன்றியது. மெக்லாரனின் எம்பி4-12சியில் இரண்டு பேடில்களும் தனித்தனி அல்ல, தராசைப் போல நடுவில் அசையும் ஒரே துண்டு. வலப்பக்கத்தை இழுத்தால் ஏறும், அதையே தள்ளினால் இறங்கும். இடது கை சக்கரத்தைப் பிடித்திருந்தால் போதும். கியர் வேலை முழுவதையும் வலது விரல்களே பார்த்துக்கொள்ளும். அது நீ விரும்பும் சக்கரத்தோடு சுழலும் வகைதான். மருத்துவர் சம்மதித்த பிறகு எங்காவது அப்படி ஒன்றில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால், குறுகிய வளைவு ஒன்றில் கை மாற்றிப் பிடித்துத் திருப்பிப் பார். விரல் எந்தப் பக்கம் போனது என்று மறக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்