மூன்றாம் ராசாவின் பொட்டலம்

சலாலா, ஓமன்,
ஜனவரி 9.

அன்புள்ள மக்கா,

கையெழுத்தைப் பார்த்துவிட்டு உறையை ரெண்டு தடவை திருப்பியிருப்பாய். நான்தான். வாட்சப்பில் நாலு வரி தட்டிவிடாமல் இதென்ன கூத்து என்று கேட்பாய். தட்டிப் பார்த்தேன், லே. ஆகஸ்ட் மாதத்திலிருந்து தட்டுவதும் அழிப்பதுமாகவே போய்விட்டது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சின்னவளுக்கு நவம்பரில் பையன் பிறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். மூன்று கிலோ நூறு கிராம். மூக்கு எங்கப்பாவுடையது, பாவம் பிள்ளை. 25ஆம் தேதி ஞானஸ்நானம். உன் தங்கச்சி 20ஆம் தேதி இங்கிருந்து கிளம்புகிறாள். எனக்கு லீவு கிடையாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கட்டையன் மஸ்கட்டிலிருந்து ஒரு தடவை வந்து போனான். பழைய கடனைத் தரவில்லை, புதிதாகக் கேட்கவுமில்லை. அந்த மட்டுக்கும் லாபம்.

சரி, விஷயம் இதுதான். போன வாரம் இங்கே கோவிலில், பாலன் இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோன மூன்று ராசாக்கள் திருநாளுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு காட்சி போட்டார்கள். உடுப்பு மாட்டிவிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. பொன் கொண்டுபோகிற பையனுக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருந்தது. சாம்பிராணிக்காரன் சலாலாவிலேயே பிறந்தவன், அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது பையன்தான் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், வெள்ளைப்போளம்னா என்ன?" என்றான். எனக்கு அடிவயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை ஒன்பது வயதில் நான் உபதேசியாரிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா? "பெரிய ஆள் ஆனா தெரியும்லே, நட" என்று பிடரியில் ஒன்று போட்டார். அவருக்கே தெரியாது என்பது இப்போது புரிகிறது.

உனக்கென்ன, நீ எப்போதும் முதல் ராசா. உன் பெரியம்மா சேலை, பிஸ்கட் டின்னில் மஞ்சள் காகிதம் ஒட்டிய பொன். எனக்குக் கோபால் பல்பொடி டப்பா. அதைத்தான் வெள்ளைப்போளம் என்று பாலன் முன்னால் மூன்று வருஷம் வைத்தேன். மூன்றாவது வருஷம் மூடி திறந்து மாதாவின் பாதமெல்லாம் ரோஸ் நிறமானது. பஞ்சுத் தாடி விவகாரத்தை இங்கே நான் கிளறவில்லை, நீயும் கிளறாதே.

அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியாத வெட்கத்தில் மறுநாளே ஹஃபா சந்தைக்குப் போனேன். சாம்பிராணி விற்கிற அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கடையில் மூலைச் சாக்கைக் காட்டி "முர்ர்" என்றார் அந்த அம்மா. அரபியில் கசப்பு என்று அர்த்தம். மரப்பிசின்தான், சோமாலியா சரக்காம். ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பேரில்தான் வெள்ளை, மக்கா. செம்பழுப்பு, மேலே தூசி படிந்து, கருப்பட்டித் துண்டு மாதிரி. நகத்தால் கிள்ளினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். ராத்திரிச் சோறு வரைக்கும் அந்தக் கசப்பு போகவில்லை. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன், பேரனுக்கு அனுப்பலாம் என்று.

வீட்டில் பிடித்தது சனி. உன் தங்கச்சி பொட்டலத்தைப் பிரித்து, இது என்ன என்று கேட்டு, நானும் அறிவாளி மாதிரி, அந்தக் காலத்தில் பிணத்தை அடக்கம் செய்யப் பயன்படுத்துவார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். "பிள்ளை பெத்த வீட்டுக்குப் பொணத்துக்குப் பூசுறதையா கொண்டுபோவாங்க? உங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்தவள் ரெண்டு நாள் நிறுத்தவில்லை. ராசாவே கொண்டுபோனாரே என்றேன். "அவரும் ஆம்பளைதானே" என்றாள். இதற்கு எந்தச் சபைத் தந்தையிடமும் பதில் இல்லை.

ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் படித்தேன். இரேனேயு, லியோன் நகரத்து ஆயர், 180 வாக்கில் எழுதியவர். பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிற மனிதருக்கு என்று அவர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். இது ஞாயிறு மறைக்கல்வியில் நாம் ஒப்பித்ததுதான். என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. இரேனேயு பட்டியலை வெள்ளைப்போளத்தில் தொடங்குகிறார். இவர் சாகவும் அடக்கம் செய்யப்படவும் வந்தவர் என்பதுதான் முதல். பொன் அப்புறம்தான். உன் பிஸ்கட் டின்னுக்கு ரெண்டாமிடம், கேட்டுக்கொள்.

அப்புறம் பைபிளில் எசாயா 60ஐ எடுத்துப் பார். சேபாவிலிருந்து ஒட்டகங்களோடு வருவார்கள், பொன்னும் சாம்பிராணியும் கொண்டுவருவார்கள் என்று இருக்கிறது. நம் குடிலில் நின்ற அந்தக் காது உடைந்த ஒட்டகம் அங்கிருந்து வந்ததுதான், மத்தேயு சொல்கிற இந்தக் கதையில் ஒட்டகமே கிடையாது. ராசா என்றும் இல்லை, மூன்று பேர் என்றும் இல்லை. கிழக்கேயிருந்து ஞானிகள், அவ்வளவுதான். சிரியத் திருச்சபையில் பன்னிரண்டு பேர் என்றுகூட ஒரு மரபு உண்டு. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தில் மூன்று பேருடைய எலும்புகளே இருக்கின்றன என்று 1164இல் மிலானிலிருந்து கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. நான் சொல்ல வந்தது, எசாயா சொன்னதில் வெள்ளைப்போளம் இல்லை. பொன்னும் சாம்பிராணியும் எதிர்பார்த்தவை. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை, அதை மத்தேயுதான் சொல்கிறார்.

இதை உன் தங்கச்சியிடம் சொன்னபோது இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே "அப்போ அது தேவையில்லாததுதானே" என்றாள். கடைசியில் என்னைக் காப்பாற்றியவர் புனித பெர்நார்து, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். அவர் சொன்னதாக ஒரு விளக்கம் இருக்கிறது: பொன், மாதாவின் வறுமைக்கு, சாம்பிராணி, தொழுவத்து நாற்றத்துக்கு, வெள்ளைப்போளம், பிள்ளையின் உடம்பு உறுதிப்படவும் பூச்சி போகவும். பேறுகாலம் பார்க்க வந்த பாட்டி பேசுவது போல இல்லையா? உன் தங்கச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தச் சாமியாருக்கு விவரம் இருக்கு" என்றாள். ஆனாலும் பூச்சிக்கு வசம்பு இருக்கிறதாம், இது வேண்டாமாம். பேரனுக்குச் சாம்பிராணி மட்டும் போகிறது என்று உடன்படிக்கை ஆனது. பொன் வாங்குவது பற்றிப் பேச்சே எழவில்லை. இன்றைய விலைக்கு அந்த முதல் ராசாவே யோசித்திருப்பார்.

சாம்பிராணி என்றதும் நம்மூர்ச் சாம்பிராணியை நினைக்காதே. அது வேறு மரம், வேறு பிசின். இந்த மரம் நிற்பது மலைக்கு அந்தப் பக்கம், சலாலாவிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர் போல, வாதி தவ்காவில். 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் நம் பேச்சிப்பாறை மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கும், அந்தப் பக்கம் ஒரு சொட்டு விழாது. அந்தக் காய்ச்சலில் நிற்கிற மரத்துக்குத்தான் இந்த மணம். பட்டையைச் சீவிவிட்டால் பால் துளித்துளியாக நிற்கும். ரெண்டு வாரம் போல இறுகவிட்டு, அந்த முதல் வடிசலைச் சட்டை பண்ணாமல், அதே இடத்தில் மறுபடியும் சீவுவார்கள். ரெண்டாவது மூன்றாவது காயத்தில் வருவதுதான் நல்ல சரக்கு. நீ வகுப்பில் சொல்வாயே, நெல் வாங்கத் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கி வந்த கலய நாயனார் கதை, அந்த மரத்தடியில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

தமிழ் வாத்தியாருக்கு ஒரு தீனியும் போடுகிறேன். இங்கே கிழக்கே சும்ஹுரம் என்று ஒரு பழைய துறைமுகம் இடிந்து கிடக்கிறது, கோர் ரோரி என்பார்கள். சாம்பிராணி கப்பலேறிய இடம். அங்கே தோண்டியபோது, மூடியாகப் பயன்பட்ட ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று எழுதியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். மத்தேயு சாம்பிராணி என்று எழுதுகிற நூற்றாண்டில் நம் ஆள் ஒருவன் சாம்பிராணித் துறையில் பானைக்கு மூடி தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அவனும் வீட்டுக்குக் கடிதம் போடாதவனாகத்தான் இருப்பான்.

இப்போது ஆகஸ்டுக்கு வருகிறேன்.

அந்த மூன்றில் பொன்னையும் சாம்பிராணியையும் அப்புறம் இயேசுவிடம் யாரும் கொண்டுவருவதில்லை. வெள்ளைப்போளம் மட்டும் திரும்பி வருகிறது. மாற்குவில், சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள், அவர் குடிக்கவில்லை. யோவானில் அவர் அடக்கத்துக்கு நிக்கதேம் கொண்டுவருகிறார். உன் பெரியம்மா வீட்டு சிஎஸ்ஐ பைபிளில், 'வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல்' என்று இருக்கும். கரியபோளம் நமக்குத் தெரியும், நீ மதிலிலிருந்து விழுந்தபோது உங்க அம்மை முழங்காலில் பற்றுப் போட்டது. நூறு இராத்தல், லே. நிக்கதேம் முதலில் ராத்திரியில் ஒளிந்து வந்து பேசிவிட்டுப் போன ஆள். செத்த பிறகு அத்தனையையும் சுமந்துகொண்டு வருகிறார். பிந்தி வந்தவனுக்கு எடை கூடத்தான் செய்யும் போல.

மதினி போன அன்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குச் செய்தி வந்துவிட்டது. மறுநாள் டிக்கெட் இருந்தது. உன்னிடம் போனில் சீட்டு இல்லை என்று சொன்னேன். சீட்டு இருந்தது. விலை பார்த்தேன், கணக்கு முடிக்கிற வாரம் என்று பார்த்தேன், போய் நின்று உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று பயந்தேன். எந்தக் காரணம் முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலன் எங்கே பிறப்பார் என்று ஏரோது ராசா கேட்டதும் மறைநூல் அறிஞர்கள் புத்தகத்தைப் பார்த்து டக்கென்று 'பெத்லகேம்' என்று சொல்லிவிடுகிறார்கள், பார். சரியான பதில். எருசலேமிலிருந்து பெத்லகேம் எட்டொன்பது கிலோமீட்டர்தான். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எங்கிருந்தோ வந்த அந்நியர்கள்தான் போனார்கள். முன்பெல்லாம் இந்த இடத்தைச் சாமியார் வாசிக்கும்போது அவர்களைக் கேலி செய்வேன்.

என் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கை மதினிதான் இடுப்பில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. நீ ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாய் என்று அவளே சொன்னாள்.

உன் தங்கச்சி ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு வருவாள். வெளியே எங்கேயும் போய்விடாதே. ஒரு சாம்பிராணிப் பொட்டலம் தருவாள். பச்சை சாயலில் இருப்பது ஹோஜரி, அதைச் சின்னத் துணுக்காக உடைத்துக் கங்கில் போடு, அள்ளிக் கொட்டிவிடாதே. அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி இன்னொன்று இருக்கும். அது உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது, அவள் முன்னால் பிரிக்காதே. கல்லறைத் தோட்டத்தில் வைப்பாயோ, வீட்டு அலமாரியில் வைப்பாயோ, உன் இஷ்டம். கொளுத்தினால் பொங்கிப் பொங்கிக் கரிந்து, ஆஸ்பத்திரி வாசனை மாதிரி ஒன்று வரும், பயந்துவிடாதே.

பிள்ளையைப் போய்ப் பார். மூக்கைப் பற்றி மட்டும் அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
பல்பொடி ராசா