செயலாளரின் ஆண்டறிக்கை: கொடையாக வந்த சிறிய கார்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, உறுப்பினர்கள் தர விரும்பும் பழைய வாகனங்களைப் பெற்று அறநிறுவனங்களிடம் சேர்ப்பிக்கும் பணியை இவ்வாண்டு தொடங்கினோம். ஆண்டு முழுவதிலும் நாம் கைமாற்றிக் கொடுத்தது ஒரே ஒரு கார்தான். ஆனால் அந்த ஒரு கார் செயலாளரிடம் வாங்கிய வேலை கொஞ்சமல்ல என்பதால், இவ்வறிக்கை முழுவதும் அதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவர், தமது ஐந்து கதவு கொண்ட சிறிய பெட்ரோல் காரை முதியோர் இல்லம் ஒன்றுக்குத் தர முன்வந்தார். முதலிலிருந்து அவர் ஒருவரே ஓட்டிய வண்டி. சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்ததுமே நம் மெக்கானிக் பாதி சோதனை முடிந்துவிட்டது என்றார்.

இல்லத்தாருக்கு வந்த சந்தேகம் வேறு. இவ்வளவு சிறிய கார் தங்களுக்கு உதவுமா என்று கேட்டார்கள். ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், காப்பீடு நடப்பில் இருக்கும்போதே, உரிமையாளர் உடன்வர வண்டியை இல்லத்துக்கு ஓட்டிச் சென்று, அங்கிருந்த சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்துப் பார்த்தோம். நுழையவில்லை. பின் சீட்டில் ஒரு பாதியை மடித்த பிறகே நுழைந்தது. அப்படி மடித்தால் ஓட்டுநரைத் தவிர இருவர்தான் வசதியாக உட்காரலாம். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி முன் சீட்டில் எளிதாக உட்கார்ந்தார், ஆனால் எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்திய பின் அவரே கதவைப் பிடித்து எழுந்துகொண்டார். ஒருவரையோ இருவரையோ மருத்துவரிடம் அழைத்துப் போகவும் மருந்து வாங்கி வரவும் இந்த வண்டி போதும் என்று இல்லத்தார் தாமே முடிவு செய்து, எழுத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். வாகனக் கொடையில் சாவியைக் கொடுப்பது சிறிய காரியம்; பதிவுச் சான்றில் பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் வண்டி பழைய உரிமையாளருடையதே, நடுவில் ஒரு விபத்து நேர்ந்தால் விசாரணை அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். எனவே பெயர் மாறும்வரை வண்டியைச் சங்க வளாகத்திலேயே நிறுத்திவிட்டோம். விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. சேசிஸ் எண்ணில் உள்ள 17 எழுத்தெண்களில் ஒரு பூஜ்யத்தை, படிவம் நிரப்பியவர் ஆங்கில ‘ஓ’ என்று எழுதியிருந்தார். இந்தக் குழப்பத்துக்காகவே ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளையும் அந்த எண்ணில் பயன்படுத்துவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படிவம் நிரப்பியவர் அடியேன்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்தத் தாமதத்தில் வண்டி எட்டு வாரம் நின்றது. முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. நிறுத்திய அன்றே நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. இன்ஜின் அறைக்குள் எலி ஒன்று குடியேறி, இரண்டு வயர்களைக் கடித்திருந்தது. டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேற்பகுதி) தேயாமல் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு என்பதால், அவற்றின் வயது பத்தைத் தொட்டுவிட்டது என்று மெக்கானிக் காட்டினார். வெளியே தேயாவிட்டாலும் ரப்பர் உள்ளுக்குள் இறுகிப் போகும் என்பதால், நான்கையும் ஸ்டெப்னியையும் சங்க நலநிதியிலிருந்து மாற்றினோம். பிரேக் எண்ணெயையும் ஈரம் இழுத்திருக்கும் என்று மாற்றச் சொன்னார். செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது.

ஒப்படைத்த மறுநாள் இல்லத்தின் ஓட்டுநர் அழைத்தார். காரின் திரையில் கொடையாளியின் வீட்டு முகவரியும், அவர் மருமகள் முதல் மருத்துவர் வரை அத்தனை பேரின் தொலைபேசி எண்களும் வரிசையாக வருகின்றன என்றார். அன்றே போய் அழித்துவிட்டோம். டேஷ்போர்டுப் பெட்டியைத் துழாவத் தெரிந்த நமக்குத் திரையைத் துழாவத் தோன்றவில்லை.

இன்னொரு உறுப்பினர் பல ஆண்டுகளாக ஓடாத கார் ஒன்றைத் தர விரும்பினார். அதை ஏற்கவில்லை. அதைச் சீர்செய்யும் செலவை ஏற்கும் இல்லம் எதுவும் இல்லை. எண்ணெய், பேட்டரி, குளிர்சாதன வாயு ஆகியவற்றை முறைப்படி அகற்றும் உடைப்பகத்துக்கு அவரே விற்று, அந்தத் தொகையை நன்கொடையாகத் தரலாம் என்று சொன்னோம். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் இம்முடிவு சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

முதல் கொடையாளி ரசீதில் வண்டியின் மதிப்பைக் குறிப்பிடும்படி கேட்டார். வண்டியின் விவரமும் பெற்ற தேதியும் மட்டுமே எழுதித் தந்தோம். மதிப்பிடுவது சங்கத்தின் வேலையல்ல. வரிச்சலுகை உண்டா, எவ்வளவு என்பதை அவர் தம் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

வரும் ஆண்டில், பெயர் மாற்றத்துக்கான தாள்களும், வண்டியின் மீது கடன் நிலுவை இல்லை என்ற சான்றும் கைக்கு வந்த பின்னரே வண்டியை வளாகத்துக்குள் விடலாம் என்று முன்மொழிகிறேன்.

காரின் இரண்டாவது சாவி கொடையாளி வீட்டில் இன்னும் தேடப்பட்டு வருகிறது. கிடைத்ததும் இல்லத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் பெறப்படும்.

இவண்,
செயலாளர்