ஏ லெவலில் ஸ்பானிஷ்: 11ஆம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். 11ஆம் ஆண்டில் பயிலும் தங்கள் பிள்ளைகள், பல்கலைக்கழகம் செல்லுமுன் 12, 13ஆம் ஆண்டுகளில் படிக்கும் ஏ லெவல் பாடங்களைத் தெரிவு செய்யும் காலம் நெருங்கிவிட்டது. 11ஆம் ஆண்டு இறுதியில் எழுதும் ஜீசிஎஸ்இ தேர்வுக்கு ஸ்பானிஷை விரும்பிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தெரிவுப் படிவத்தில் அதை விட்டுவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். காரணம் கேட்டால், "வீட்டில் வேண்டாம் என்றார்கள்" என்பதே பெரும்பாலும் பதில். அம்முடிவை எடுக்குமுன் இப்பாடத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் நடந்த உள்நாட்டுப் போர், 1975இல் பிராங்கோ இறக்கும்வரை நீடித்த சர்வாதிகாரம், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியே மீண்ட மக்களாட்சி, குடியேறிகளின் வாழ்க்கை, கட்டலான், பாஸ்க் போன்ற மொழிகளின் நிலை ஆகியவற்றை மாணவர்கள் ஸ்பானிஷிலேயே படித்து, ஸ்பானிஷிலேயே வாதிட வேண்டும். இலக்கியத்துக்கு நாங்கள் ஸ்பானியக் கவிஞரும் நாடகாசிரியருமான லோர்காவின் 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' நாடகத்தைக் கற்பிக்கிறோம். 1936 ஜூனில் அதை எழுதி முடித்த லோர்கா இரண்டே மாதங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்; நாடகம் 1945இல்தான், அதுவும் ஆர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில், முதன்முதலாக மேடையேறியது. கணவர் இறந்ததும் எட்டாண்டுகள் துக்கம் காக்க வேண்டுமென்று ஐந்து மகள்களையும் வீட்டுக்குள் அடைத்துவைக்கும் தாயையும், அவ்வீட்டை ஆளும் "ஊர் என்ன சொல்லும்" என்ற அச்சத்தையும் நம் பிள்ளைகளுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. வகுப்பில் முதலில் கை உயர்த்துபவர்கள் அவர்களே.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, ஒவ்வொரு மாணவரும் ஸ்பானிஷ் பேசும் நாடொன்றைப் பற்றித் தாமே தெரிவு செய்து செய்யும் தனி ஆய்வு. சென்ற ஆண்டு மாணவி ஒருவர், ஆர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி பிடித்துச் சென்று காணாமலாக்கிய பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரலில் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய தாய்மாரைப் பற்றி ஆராய்ந்தார். அவர்களின் அடையாளமாகிவிட்ட வெள்ளைத் தலைத்துணி, முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் துணியாகவே இருந்தது என்பதை அவர் ஸ்பானிஷில் விளக்கியபோது, வன்னியில் 2017 முதல் வீதியோரப் பந்தல்களில், காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்திருக்கும் தாய்மாரை அறிந்த ஒருவர் பேசுகிறார் என்பது ஆசிரியர்களுக்கு விளங்கியது. அத்தகைய புரிதலை எந்த வழிகாட்டி நூலும் தராது.

பாடம் எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் பின்பற்றும் ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் கேட்டல், வாசித்தல், மொழிபெயர்ப்பு ஆகியவை அடங்கிய இரண்டரை மணிநேரத் தாளுக்கு 50 விழுக்காடும், இலக்கியமும் திரைப்படமும் குறித்த இரண்டு மணிநேரக் கட்டுரைத் தாளுக்கு 20 விழுக்காடும், வாய்மொழித் தேர்வுக்கு 30 விழுக்காடும் உண்டு. வாய்மொழித் தேர்வில் மாணவர் தம் ஆய்வை இரண்டு நிமிடங்களில் முன்வைத்து, அதன்மீது ஏறக்குறைய பத்து நிமிடங்கள் தொடரும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஜீசிஎஸ்இயில் மனனம் செய்து சமாளித்தவர்கள் 12ஆம் ஆண்டின் முதல் பருவத்தில் தடுமாறுவது வழக்கம். அப்போது பாடத்தை விட்டுவிடச் சொல்லாமல், நாள்தோறும் அரைமணி நேரம் ஸ்பானிஷ் செய்தி வாசிக்கவும் கேட்கவும் வீட்டில் இடம் கொடுங்கள்.

மருத்துவத்துக்கு இது தடையாகுமோ என்ற கவலையே என்னிடம் அதிகம் வருகிறது. பெரும்பாலான மருத்துவப் பல்கலைக்கழகங்கள் வேதியியலையும், பல உயிரியலையும் சேர்த்துக் கேட்கின்றன. மூன்றாவது பாடத்தைப் பல இடங்களில் மாணவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியும் வேறுபடுவதால், தாங்கள் கருதும் இடங்களின் நிபந்தனைகளை நாங்களே உடனிருந்து பார்த்துத் தருகிறோம். விருப்பமில்லாத மூன்றாவது அறிவியல் பாடத்தில் பி வாங்குவதைவிட, விரும்பும் ஸ்பானிஷில் ஏ வாங்குவது பிள்ளைக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படிவத்தில் கையொப்பமிடுமுன், அடுத்த மாதம் நடைபெறும் பாடத்தெரிவு மாலைக் கூட்டத்துக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஸ்பானிஷ் ஆசிரியர்களும் இப்போது 13ஆம் ஆண்டில் பயிலும் மாணவர்களும் அங்கே இருப்பார்கள். தமிழில் பேச விரும்புவோர் என்னிடமே நேரில் கேட்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்