எங்கள் பூண்டு வெளி உணவா?

கொடைக்கானல் கிளையை நடத்தும் உணவக நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் கிளையில் ஜன்னலோர மேசையில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். மேற்பார்வையாளர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவர் பக்கம் உங்களிடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு வயது 72. எங்கள் கிராமமான பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் பூண்டுச் சாக்கோடு வந்து, சந்தையில் மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார். விரல் மடங்கவில்லை. வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. “சூடா ஒரு ரசஞ்சோறு கெடச்சாப் போதும்டா” என்றார். அதற்காகத்தான் உங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளினோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈரச்சேலையோடு வந்தவரை யாரும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை. இடம் சுத்தம், கழிப்பறையும் சுத்தம். சீசன் நேரத்தில் இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

ரசம் வந்தது. கிண்ணம் கையைச் சுட்டது, உள்ளே ரசம் வெதுவெதுவென்று இருந்தது. வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் புளிப்பு. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. அம்மா பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, “ஏந் தம்பி, இதுல பூண்டு தட்டிப் போடலையா?” என்று கேட்டார். “எல்லாம் கலந்து பாக்கெட்லயே வந்துரும் பாட்டி, நாங்க சூடு பண்ணித் தர்றதுதான்” என்றான். பாவம், உள்ளதைச் சொன்னான். இந்த மடலுக்காக அவனை விசாரித்து வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அம்மா கோபப்படவில்லை. விற்றது போக மடியில் மிஞ்சியிருந்த பூண்டில் இரண்டு பல்லை உரித்து, தம்ளர் அடியால் ஒரு நசுக்கு நசுக்கி ரசத்தில் போட்டார். அதோடு ரசத்துக்கு வாசம் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளரும் வந்தார். சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்: ‘வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை.’

அந்த அறிவிப்புக்கு மேலேயே பூம்பாறைப் படிக்கட்டு வயல்களைப் பெரிதாகப் படம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அதில் தெரியும் தகரக் கூரைகளில் ஒன்று எங்கள் வீடு. படத்தில் இருக்கும் கூரைக்கு உங்கள் கடைக்குள் வர அனுமதி உண்டு, கூரைக்கடியில் கட்டித் தொங்கவிட்ட பூண்டுக்கு இல்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு உங்களுக்கு வெளி உணவு. வத்தலக்குண்டு தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, பாக்கெட்டில் ஏறி வந்த ரசம் உள் உணவு. 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டி மலையேற இ-பாஸ் கேட்கிறார்கள். அந்த ரசத்திடம் யாராவது கேட்டார்களா?

எங்கள் பூண்டில் பெரும்பகுதி மூட்டையாகக் கீழே வடுகபட்டிப் பூண்டு மண்டிக்கு இறங்குகிறது. அதே மலைப்பாதையில் உங்கள் பூண்டு விழுது மேலே ஏறுகிறது. இரண்டு லாரியும் வழியில் பெருமாள்மலையில் எதிரெதிரே ஒதுங்கி வழிவிட்டுக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ரசத்தை மட்டும் இங்கே வையுங்கள். மற்றதெல்லாம் கீழே எல்லாக் கிளைக்கும் சமைக்கும் உங்கள் சென்ட்ரல் கிச்சனிலிருந்தே வரட்டும்.

மலையில் சமைப்பது சிரமம் என்பீர்கள். தெரியும். 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது, குக்கர் இல்லாமல் சோறு அரைவேக்காடாகவே நிற்கும். இட்லி மாவைக் கம்பளி போர்த்தித் தூங்க வைத்தாலும் பொங்க மனசு வராது. அதற்காகக் கீழிருந்து கொண்டுவருகிறோம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரசத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. ரசம் கொதிக்கவே கூடாது ஐயா. நுரை கட்டி ஓரம் தூக்கும்போது இறக்கிவிட வேண்டும். சமையலில் இந்த மலைக்குத் தோதாக வந்த ஒன்றே ஒன்று அதுதான். அதையும் கீழே காய்ச்சி, ஆற வைத்து, மேலே கொண்டுவந்து திரும்பச் சூடாக்குகிறீர்கள்.

நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அந்த மெஸ்ஸில் அக்கா விறகடுப்பு ஓரத்தில் அண்டாவை வைத்திருப்பார். நாலு மணிக்குப் போனாலும் அடியில் கிடக்கும் வண்டலைக் கலக்கி ஊற்றுவார். சில நாள் உப்புக் கூடிப்போகும், சில நாள் இரண்டு மணிக்கே சோறு தீர்ந்துவிடும். சொன்னால், “நாளைக்கு வாங்கண்ணே” என்பார். உங்களிடம் எதுவும் தீர்வதில்லை, எந்த நாளும் உப்புக் கூடுவதுமில்லை. அந்த ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும். ஆனால் 290 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘மலை ஸ்பெஷல் சாப்பாடு’ என்று பெயரும் வைத்து, மலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே தெரியும் மூடுபனியை மட்டும் பரிமாறினால் எப்படி? கேரட், பீன்ஸ், பட்டர் பீன்ஸ் எல்லாம் உங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் லாரியில் போகிறது. உங்கள் பொரியலில் வந்ததோ குளிரூட்டிய பட்டாணி. இதைச் சொல்லப் போனால் ஊரில் முளைக்கிற கட்டடம், சீசனுக்கு ஏறுகிற வாடகை, தண்ணீர் லாரி என்று எங்கெங்கோ போகும். அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. விட்டுவிடுகிறேன்.

அம்மா அன்றைக்குச் சண்டை போடவில்லை. பூண்டு போட்ட ரசத்தை அப்படியே வைத்துவிட்டு, மோர்ச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். பஸ்ஸில் வரும்போது, “ரெண்டு பல்லு வீணாப் போச்சுடா” என்றார். அதற்கப்புறம் ஊர் வரும்வரை பேசவில்லை.

ஆகவே மீண்டும் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு அண்டா, ஒரு ஆள் போதும். ரசத்தை இங்கே வையுங்கள். அது முடியாவிட்டால் அந்த அறிவிப்பில் ‘மலைப்பூண்டு தவிர’ என்று இரண்டு சொல்லாவது சேருங்கள்.

பூண்டு வேண்டுமென்றால் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் சந்தைக்கு ஆளை அனுப்புங்கள், நல்லதாகப் பொறுக்கித் தரச் சொல்கிறேன். பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும். அப்புறம் அம்மாவே விலையைக் குறைக்க மாட்டார்.

இப்படிக்கு,
பூம்பாறைப் பூண்டுக்காரம்மாவின் மகன்